முதல் நாளில் கேள்விகள்தாம் இருக்கும்

"கவுன்சிலரைப் பார்க்கச் சொல்கிறார்கள்" என்றால், "எந்த வார்டு கவுன்சிலரை?" என்று கேட்கும் பெரியவர்கள் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் இன்னும் உண்டு. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 'மனநல ஆலோசகர்' என்ற தமிழ்ப் பெயரும் நம்மை வேறு வகையில் ஏமாற்றுகிறது. ஆலோசகர் என்பதால், ஊர்ப் பெரியவரைப் போல நம் கதையைக் கேட்டு, 'இதைச் செய், அதை விடு' என்று சொல்லியனுப்புவார் என எதிர்பார்க்கிறோம். முதல் நாளில் அப்படி எதுவும் நடப்பதில்லை. 'முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார், பணம் வாங்கிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை' என்று சலித்து, இரண்டாம் முறை போகாமலேயே நின்றுவிடுபவர்கள் உண்டு. அவர்களை நினைத்தே இதை எழுதுகிறோம்.

முதல் சந்திப்பு பெரும்பாலும் 45 நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரம் வரை நீளும். உறக்கம், பசி, வேலை, குடிப்பழக்கம், உடல் நோய்கள், உட்கொள்ளும் மாத்திரைகள், துன்பம் தொடங்கிய காலம் எனக் கேள்விகள் விரியும். மருந்துச் சீட்டுகளைக் கையோடு கொண்டு செல்லுங்கள். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும்கூட மனச்சோர்வைப் போலவே தோன்றக்கூடும் என்பதால், முதலில் இரத்தப் பரிசோதனை செய்துவருமாறு ஆலோசகர் அனுப்பினால் தட்டிக்கழிப்பதாக எண்ண வேண்டா.

'உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததுண்டா?' என்றும் நேராகக் கேட்பார். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. சொல்ல வழியின்றித் தவித்தவருக்கு அது வாயில் திறப்பதாகவே அமையும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், தற்கொலை விகிதம் நாடு முழுவதற்கும் இலட்சம் பேருக்கு 12.4, புதுச்சேரியில் 29.7. இவ்வூரில் அக்கேள்வியைத் தவிர்ப்பதுதான் பிழை. மறைக்காமல் விடை சொல்லுங்கள்.

எங்களிடம் நோயாளிகள் தயங்கித் தயங்கிக் கேட்பது வேறொன்று: "நான் சொல்வது வெளியே போகுமா?" சிற்றூரில் இந்த அச்சம் நியாயமானதே. பேருந்தில் ஏறும்போதே 'எங்கே போகிறீர்கள்?' என்று நாலு பேர் கேட்கும் ஊர்கள் இவை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை பெறுபவரின் செய்திகளை மறைவாகக் காப்பதை அவருடைய உரிமையாகவும், சிகிச்சை தருவோரின் கடமையாகவும் வைத்துள்ளது. விலக்குகள் சில உண்டு: உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற ஆணை போன்றவை. குழந்தை மீதான பாலியல் வன்முறை தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதனைத் தெரிவித்தே ஆகவேண்டும். இவற்றை முதல் நாளிலேயே உங்கள் ஆலோசகரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கட்டணம் செலுத்தும் அண்ணனோ, உடன்வரும் தாயோ அந்த விலக்குகளுள் வருவதில்லை. தொடக்கத்தில் ஐந்து, பத்து நிமிடம் குடும்பத்தாரிடமும் பேசிவிட்டு, 'சற்று வெளியே இருங்கள்' என்பார் ஆலோசகர். அவமதித்ததாக நினைக்காதீர்கள். நீங்கள் இல்லாத அந்த நேரத்தில்தான் பேச்சு தொடங்கும்.

இன்று பலவகைப் பயிற்சி பெற்றவர்கள் 'ஆலோசகர்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். எனவே என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. மருத்துவ உளவியலாளர் எனில் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மாத்திரை எழுதுவது மனநல மருத்துவரின் வேலை, ஆலோசகர் எழுதுவதில்லை. 'இனிப் பேச்சு போதும்' என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது.

கட்டணத்தையும், எத்தனை நாளுக்கு ஒருமுறை வரவேண்டும் என்பதையும் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். வில்லியனூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி அருகில். பாகூர்க்காரர்களுக்குக் கடலூரும் எட்டும் தூரம்தான். ஆனாலும் வாரந்தோறும் ஒரு நாள் கூலியை இழந்து போய்வருவது எளிதன்று என்பதை அறிவோம். கைப்பேசிக் காணொளி வழியே பேசலாம்தான். ஒரே கூடம் உள்ள வீட்டில் தனிமைக்கு எங்கே போவது? வயல் மோட்டார்க் கொட்டகையோ, மொட்டை மாடியோ, எதுவாயினும் முன்கூட்டியே இடம் பார்த்து வையுங்கள். கட்டணம் இயலாதவர்களுக்கு அரசின் டெலி மானஸ் சேவை உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழில் பேசலாம். உயிரைப் பற்றிய எண்ணம் அழுத்தும் வேளையில் அடுத்த சந்திப்புக்காகக் காத்திராமல் அங்கே அழையுங்கள், அல்லது உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

இரண்டு, மூன்று சந்திப்புகளுக்குப் பிறகே எதனை மாற்ற முயல்வது, எவ்வாறு என்பது உருவெடுக்கும். வீட்டில் செய்துபார்க்கச் சிறு பயிற்சிகளும் தரப்படலாம். நான்கைந்து முறை சென்றும் அவரிடம் மனம் ஒட்டவில்லையா? அவரிடமே சொல்லுங்கள், வேறொருவரைப் பரிந்துரைப்பது இத்தொழிலில் வழக்கமே.

உடன்செல்பவர்களுக்கு ஒன்று. பேசி முடித்து வந்த நாளில் மனம் முன்னைவிடக் கனத்திருக்கலாம், அழுகையும் வரலாம். திரும்பும் பேருந்தில், 'உள்ளே என்ன சொன்னாய்? என்னைப் பற்றிச் சொன்னாயா?' என்று கேட்காதீர்கள். தேநீர் வேண்டுமா என்று கேளுங்கள். அவராகப் பேசினால் கேட்டுக்கொண்டிருங்கள். சன்னலோரம் அமர்ந்து பேசாமலே வந்தால், அப்படியே வரட்டும்.