வாழை மரம் இல்லை!

யூதர்கள் ஆப்பிளைக் கடிக்கும் முன் மரத்தின் கனியைப் படைத்த இறைவனைப் போற்றி எபிரேய மொழியில் ஒரு வரி சொல்வார்கள். கையில் இருப்பது வாழைப்பழமானால் அந்த வரி பொருந்தாது. குலை ஈன்றதும் தண்டு மடிந்துவிடும், அடுத்த குலைக்குப் பக்கக்கன்றுதான் வர வேண்டும். ஆகவே வாழை மரக்கணக்கில் சேராது. வெள்ளரி, கேரட்டைப் போல மண்ணின் விளைச்சலுக்குரிய துதியே அதற்கும்.

காளான் இன்னும் சுவாரஸ்யம். மண்ணில் முளைத்தாலும் அது மண்ணிலிருந்து ஊட்டம் பெறுவதில்லை என்கிறது தல்மூத் என்னும் யூதச் சட்டத் தொகுப்பு. அதனால் தண்ணீர், பால், முட்டை, மீன், இறைச்சியோடு அதையும் பொதுத் துதியில் சேர்த்துவிட்டார்கள். தாவரவியல் பாடமே நடத்தியிருக்கிறார்கள், போங்கள்!

ரொட்டிக்குத்தான் முதல் மரியாதை. கை கழுவி ரொட்டித் துதியைச் சொல்லிவிட்டால், அந்தச் சாப்பாட்டில் வரும் குழம்பு, கறி வகைகளுக்குத் தனித்தனியே சொல்ல வேண்டாம். ஆனால் திராட்சை மதுவுக்குத் தனித் துதி உண்டு.

சாப்பிட்ட பிறகும் நன்றி சொல்ல வேண்டும். உண்டு நிறைவடைந்தபின் இறைவனைப் போற்று என்ற உபாகமம் 8-ஆம் அதிகார வசனமே இதற்கு அடிப்படை. ஓர் ஒலிவக்காய் அளவு ரொட்டி உண்டாலே நான்கு பகுதி கொண்ட நீண்ட துதி கட்டாயம்.

நம் சோற்றுக்கு? முன்னால் கேக்குக்குச் சொல்லும் அதே துதி. பின்னால் காய்கறிக்குச் சொல்லும் சின்னத் துதி.