கடைசிச் சொல்லை முதலில் படியுங்கள்

தேர்வுக்கு முன்னே – 6

தேர்வறையில் நேரத்தைப் பங்கிடும் முறையைச் சென்ற வாரம் பார்த்தோம். நேரத்தைச் சரியாகப் பங்கிட்டுப் பக்கம் பக்கமாக எழுதிய பிறகும், எதிர்பார்த்த மதிப்பெண் வராமல் கலங்கும் பிள்ளைகள் உண்டு. பலருடைய விடைத்தாளில் பாடம் இருக்கிறது; கேள்விக்குரிய பதில்தான் இல்லை.

தமிழில் வினாவின் கட்டளை பெரும்பாலும் வரியின் கடைசியில் நிற்கிறது. ‘தமனி, சிரை’ என்று படித்ததுமே மாணவரின் மனம் பாடநூலின் அந்தப் பக்கத்துக்கு ஓடிவிடுகிறது. பின்னால் வரும் ‘வேறுபடுத்துக’ கண்ணில் பட்டும் மனத்தில் பதிவதில்லை. தமனிக்கு ஒரு பத்தி, சிரைக்கு ஒரு பத்தி என்று எழுதுகிறார். தமனிக்குச் சுவரின் தடிமனைச் சொன்னவர், சிரைக்கு வரும்போது சுவரை விட்டுவிட்டு வால்வைச் சொல்கிறார். இரண்டும் சரியான செய்திகளே. ஆனால், ஒரு வேறுபாடுகூட முழுமையாகவில்லை.

நடுவில் கோடு போட்டு எழுதினால் இந்தக் குழப்பம் வராது. தமனியின் சுவர் தடிமனானது. சிரையின் சுவர் மெல்லியது. தமனி இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும். சிரை இதயத்துக்குக் கொண்டுவரும். தமனியில் உட்புற வால்வுகள் இல்லை, சிரையில் உண்டு. ஒவ்வொரு வரியிலும் ஒரே அம்சத்தை இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். ‘ஒப்பிடுக’ என்று கேட்டால் ஒற்றுமையையும் சேர்க்க வேண்டும்.

‘கூறுக’, ‘வரையறு’ என்பவை குறைவாகக் கேட்பவை, ஆனால் கறாரானவை. ஓம் விதியைக் கூறும்போது ‘மாறா வெப்பநிலையில்’ என்ற நிபந்தனை விடுபட்டால் விதியே குறைபட்டுப்போகும். அங்கே அரைப் பக்க விளக்கம் எழுதியும் பயனில்லை.

‘காரணம் கூறுக’ வேறு வகை. ஓடும் பேருந்து திடீரென நின்றால் பயணிகள் முன்னோக்கிச் சாய்வது ஏன்? நியூட்டனின் முதல் விதியை அப்படியே எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகிறவர்கள் பலர். விதியைப் பேருந்தோடு இணைத்தால்தான் அது காரணமாகும். பேருந்தோடு பயணியின் கால்கள் நின்றுவிடுகின்றன. மேலுடலோ நிலைமத்தால் முன்னோக்கிய இயக்கத்தைத் தொடர்கிறது. இந்த இரண்டு வரிகள்தான் விடையின் உயிர்.

கணிதத்தில் ‘சரிபார்க்க’, ‘நிறுவுக’ இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. கொடுத்த எண்களைப் போட்டு இரு பக்கமும் சமமாவதைக் காட்டினால் சரிபார்த்தாயிற்று. இரண்டு ஒற்றை எண்களின் கூடுதல் இரட்டை எண் என்று நிறுவ, 3+5=8, 7+9=16 என்று எத்தனை எடுத்துக்காட்டு தந்தாலும் போதாது. (2m+1)+(2n+1)=2(m+n+1) என்ற ஒரு வரி எல்லா ஒற்றை எண்களுக்கும் சேர்த்துப் பேசிவிடுகிறது. தேற்றத்தைக் ‘கூறி நிறுவுக’ என்றால் அங்கே இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. கூற்றை எழுதாமல் நிரூபணத்துக்குத் தாவக் கூடாது.

எல்லாவற்றிலும் கடினமானது ‘ஆராய்க’. இரண்டாம் உலகப்போருக்கு 1919ஆம் ஆண்டின் வெர்சேல்ஸ் உடன்படிக்கை எந்த அளவுக்குக் காரணம் என்று ஆராயச் சொன்னால், உடன்படிக்கையின் ஷரத்துகளை வரிசையாக ஒப்பிக்கிறோம். போர்க்குற்றப் பழியும் இழப்பீடும் ஜெர்மனியில் வளர்த்த மனக்கசப்பு ஒரு பக்கம். 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம், 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது ஆகியவை மறுபக்கம். இவற்றை எடைபோட்டு, எது எதைத் தூண்டியது என்று காட்டி, ஒரு முடிவையும் சொல்ல வேண்டும். முடிவு இல்லாத விடை ‘விவரி’க்குத்தான் பொருந்தும்.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிப்பதற்கென்றே 10 நிமிடம் தருகிறார்கள். தெரிந்த கேள்வி எத்தனை என்று எண்ணுவதிலேயே அது கரைந்துவிடுகிறது. ஒவ்வொரு வினாவின் கட்டளைச் சொல்லிலும் விரலை வைத்து, பக்கத்திலுள்ள மதிப்பெண்ணையும் பாருங்கள். என்ன எழுத வேண்டும் என்பதைக் கட்டளைச் சொல்லும், எவ்வளவு எழுத வேண்டும் என்பதை மதிப்பெண்ணும் சொல்லிவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதைத் தேர்வு நெருங்கும்போது சொல்லும் அறிவுரையாக விட்டுவிடாதீர்கள். பாடத்தோடு பாடமாக நடத்துங்கள். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு இதைச் சொல்ல வகுப்பறையை விட்டால் வேறு இடமில்லை. ஒளிச்சேர்க்கையை நடத்தி முடித்த அன்றே ‘வரையறு’, ‘விளக்குக’, ‘சுவாசித்தலிலிருந்து வேறுபடுத்துக’ என்று மூன்று கட்டளைகள் கொடுத்து, மூன்று விடைகளை எழுதச் சொல்லுங்கள். பாடம் ஒன்றுதான், ஆனால் ஒரு விடையை இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது என்பதை மாணவர்களே கண்டுகொள்வார்கள்.

(தொடரும்)

அடுத்த வாரம்: படம் வரைந்து பாகங்களைக் குறிப்பது எப்படி?