கறுப்பும் சிவப்புமாகக் கிரேக்கக் கலயங்கள்

கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளில் ஏதென்ஸ் குயவர்கள் செய்த கலயங்களில் பளபளக்கும் கறுப்பும் களிமண்தான். கலயம் வனைந்த மண்ணையே நீரில் கரைத்து, கசடு அடியில் படிந்ததும், மேலே நிற்கும் நுண்ணிய குழம்பை எடுத்து ஓவியம் தீட்டினார்கள். மற்றதைச் சூளை பார்த்துக்கொண்டது.

முதலில் காற்றோட்டத்தோடு சுடுவார்கள்; மண்ணிலுள்ள இரும்பால் கலயம் முழுதும் சிவக்கும். பிறகு காற்றுத் துளைகளை அடைத்துப் பச்சை விறகைப் போட, புகை சூழ்ந்து எல்லாமே கறுக்கும். குழம்பு பூசிய இடம் அந்த வெப்பத்தில் கண்ணாடிபோல் இறுகிவிடும். மறுபடி துளைகளைத் திறந்தால் பூசாத இடம் மட்டும் சிவக்கும். இறுகிய பரப்புக்குள் காற்று புக முடியாததால் அது கறுப்பாகவே நிற்கும்.

தொடக்கத்தில் சிவப்புப் பரப்பில் கறுப்பு உருவங்களை வரைந்தார்கள். கி.மு. 525 வாக்கில் முறை தலைகீழானது: பின்புலம் கறுப்பு, உருவம் சிவப்பு. பெயர் பொறிக்காத ஓவியர்களையும், காதையும் கணுக்காலையும் ஆடை மடிப்பையும் வரையும் பாணியைக் கொண்டே பிரித்தறிந்தார் ஆக்ஸ்போர்டு அறிஞர் ஜான் பீஸ்லி.

ஆனால் காலத்தைச் சொல்ல ஓவியம் மட்டும் போதாது. கலயம் கிடைத்த இடமும் வேண்டும். கி.மு. 490இல் மாரத்தான் போரில் மாண்ட ஏதென்ஸ் வீரர்களுக்கு எழுப்பிய மண்மேட்டில் கறுப்பு உருவ எண்ணெய்க் குப்பிகள் கிடைத்தன. சிவப்பு முறை வந்து ஒரு தலைமுறை கடந்த பின்னும் பழைய பாணி புழக்கத்தில் இருந்தது என்பதற்கு ஆண்டோடு கிடைத்த சான்று அது.

இடம் தொலைந்தால் என்ன ஆகும்? யூஃப்ரோனியோஸ் தீட்டிய பெரிய மதுக்கலயம் ஒன்றை 1972இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. போரில் விழுந்த புராண வீரன் சார்ப்பிடானை உறக்கத் தெய்வமும் மரணத் தெய்வமும் தூக்கிச் செல்லும் அற்புதக் காட்சி அதில் உண்டு. இத்தாலியில் செர்வெத்தேரி அருகே அங்கே வாழ்ந்த பண்டைய எட்ரஸ்கர்களின் கல்லறையிலிருந்து திருடப்பட்ட கலயம் அது. 2008இல் அது இத்தாலிக்குத் திரும்பியது. ஆனால் அதனருகே எவையெல்லாம் இருந்தன, ஏதென்ஸ் கலயத்தை எட்ரஸ்கர் எந்த முறையில் இறந்தவரோடு வைத்தார்கள் என்பதைத் திருடர்கள் அழித்துவிட்டார்கள். அதை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தர முடியாது.

வாங்குவோர் இருக்கும்வரை கள்ளத்தனமாகத் தோண்டுவோரும் இருப்பார்கள். அருங்காட்சியகத்தில் அடுத்த முறை ஒரு பழம்பொருளைப் பார்க்கும்போது, அது எங்கே கிடைத்தது என்று பெயர்ப்பலகையில் தேடுங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.