ஞாயிற்றுக்கிழமை காலையும் ஒரு கேமராவும்

பருப்பு விலை, வரி, வசூல் பாக்கி என்றே இந்த இதழில் எழுதிவந்த நான் இம்முறை பறவைகளைப் பற்றி எழுதுகிறேன் என்றால், கிட்டங்கியில் வேலை குறைந்துவிட்டதோ என்று சிலர் நினைப்பீர்கள். வேலை குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் கை மாறியிருக்கிறது.

நெல்லை டவுனில் 40 ஆண்டுகளாகப் பருப்பு, வற்றல் மொத்த வியாபாரம் செய்கிறேன். எனக்குப் பருவம் என்றால் வரத்துதான். தை பிறந்தால் புது உளுந்து, மாசி பங்குனியில் வற்றல், பதநீர் இறங்கினால் உடன்குடிக் கருப்பட்டி. மழை என்றால் தார்ப்பாய். அதற்கு மேல் வானத்தை அண்ணாந்து பார்த்தவனில்லை.

என் மனைவி பிறந்தது மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். சிறு வயதில் கூந்தன்குளத்துக்கு நடந்தே போய்ப் பறவை பார்த்தவள். 1986-ல் கல்யாணமான புதிதில், "குளத்துல பறவை இறங்கியிருக்கும், ஒருநாள் போயிட்டு வருவோமா?" என்று கேட்டாள். "இந்த சீசன் முடியட்டும்" என்றேன். ஒரு சீசன் முடியும்போதே அடுத்தது தொடங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 30 ஆண்டுகள் ஓடிவிட்டன.

2017 பிப்ரவரியில், மகன் கடைப் பொறுப்பில் பாதியை ஏற்றுக்கொண்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். 2016-ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது எனக்கு நன்றாகவே தெரியும். விலை ஏறும் என்று கணக்குப் போட்டுச் சரக்குக் கட்டிவைத்தவன் நான். (அந்தக் கணக்கும் பொய்த்தது, அது வேறு கதை.) ஆனால் அதே மழையைக் குளத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. போய்ப் பார்த்தால் குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. நடுக்குளத்தில் ஆடு மேய்கிறது. பறவை என்று சொல்ல இரண்டு கொக்குகள். அவள் கரையில் வெகுநேரம் நின்றாள்.

"தண்ணி கெடந்த வருசமெல்லாம் நாம வரலையே" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. வீடு வந்து சேரும்வரை எனக்குப் பேச்சு வரவில்லை.

அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. தென்கோடிக்கு அது செய்த கேடு கொஞ்சமல்ல; ஆனால் குளங்களுக்குத் தண்ணீர் கண்டது. 2018 ஜனவரியில் அவள் கேட்காமலேயே வண்டியை எடுத்தேன். ஊருக்குள் நுழையும்போதே ஒரு பெரியவர் கையைக் காட்டி, "அண்ணாச்சி, ஹாரன் மட்டும் அடிச்சிராதீய" என்றார்.

அன்று கண்டதை இன்னும் மறக்கவில்லை. மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் தெருவோரத்து மரங்களில், வீட்டுக் கொல்லைகளில், ஆள் தலைக்கு மேலேயே கூடு கட்டியிருந்தன. எச்சமும் நாற்றமும் சொல்லி முடியாது. அந்த ஊர்க்காரர்கள் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தீபாவளிக்கு வெடி வெடிக்கமாட்டார்கள். கூட்டிலிருந்து குஞ்சு விழுந்தால் எடுத்துக் காப்பாற்றுவார்கள். கோடையில் குளம் வற்றியதும் எச்சம் கலந்த வண்டலை அள்ளி வயலில் போடுவார்கள். அதற்கு ஈடான உரமில்லை என்கிறார்கள். சுமார் 129 ஹெக்டேர் பரப்புள்ள இந்த இடத்தை அரசு சரணாலயமாக அறிவித்தது 1994-ல். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தது 2022-ல். ஊர் மக்கள் காவல் காத்தது அதற்கெல்லாம் வெகு காலம் முன்பிருந்தே.

தண்ணீரில் ஒரு கூட்டம் வாத்துகள். வெள்ளைத் தலையில் கறுப்பாக இரண்டு பட்டை. "இதுக திபெத்து, மங்கோலியா பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருது" என்று வனத்துறைப் பலகையைப் படித்துச் சொன்னாள். லாரி வாடகையில்லை, சுங்கச்சாவடியில்லை, சொன்ன மாதத்தில் வந்து இறங்குகின்றன. எனக்குச் சரக்கு அனுப்புகிறவர்களில் இப்படி ஒருவரைக் காட்டுங்கள்.

கேமரா அதன் பிறகுதான் வந்தது. 83 மடங்கு கிட்டே இழுக்கும் பழைய நிக்கான் ஒன்றை 28,000 ரூபாய்க்கு மகன் வாங்கித் தந்தான். விலையைக் கேட்டு முதலில் எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள்தான் முதலில் கற்றுக்கொண்டாள். எனக்கு அவசரம், நாரை பறந்த பிறகே பட்டனை அழுத்துவேன். படமெடுக்கும் நுணுக்கம் என்று நான் கற்றது கொஞ்சமே. வெயில் ஏறுவதற்குள், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்கவேண்டும். பிளாஷ் கூடாது. கூட்டுக்கு நெருங்கவே கூடாது. தாய்ப்பறவை பயந்து எழுந்துவிட்டால் குஞ்சு வெயிலில் வாடும், முட்டையைக் காக்கை கொண்டுபோகும்.

பிறகு கொள்முதல் பிரயாணங்களில் அவளையும் அழைத்துப் போகத் தொடங்கினேன். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 30 வருஷமாக வல்லநாடு வழியாகத்தான் போய்வருகிறேன். அங்கே 1987 முதல் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. ஒரு மானைக்கூட நான் பார்த்ததில்லை. அவள் உடன் வந்த இரண்டாவது தடவையே முறுக்குக் கொம்போடு ஓர் ஆண் மான் படத்தில் விழுந்தது. கோடையில் உடன்குடியில் நான் கருப்பட்டிக்கு விலை பேசிக்கொண்டிருக்க, அவள் பனையடியில் நின்று ஓலைக்குள் புகுந்து புறப்படும் உழவாரன் குருவிகளை எடுப்பாள். ஆடியில் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி, அப்படியே குற்றாலச் சாரல்.

தொலைவு போகவேண்டும் என்பதுகூட இல்லை. நம் நயினார்குளம் சந்தைக்குக் காய்கறி லாரி வந்து திரும்புவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். குளிர்காலத்தில் ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் அந்தக் குளக்கரையில் நின்றுபாருங்கள். சூறைக்குருவிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, உதறிய சேலைபோல வானத்தில் சுருண்டு விரியும். கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறோம்.

இனி நடந்த ஒரு காரியம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பக்கம் பெய்த மழையை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாழ்வான இடத்திலிருந்த எங்கள் இரண்டாவது கிட்டங்கியில் இடுப்பளவு தண்ணீர். அடி வரிசை மூடைகள் அத்தனையும் முளை கட்டிவிட்டன. சரக்கு இருப்பேடு கூழாகிப் போயிற்று. கொள்முதல் பில்கள் ஆடிட்டரிடம் இருந்தன. ஆனால் அந்தக் கிட்டங்கியில் எத்தனை மூடை, எத்தனை வரிசை என்று இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்டபோது நான் வாயால் சொல்வதைத் தவிர வழியில்லை.

சிந்திய தானியத்துக்கு அங்கே சிட்டுக்குருவிகள் வரும். மழைக்கு ஒரு வாரம் முன்புதான் என் மனைவி ஒரு காலைப் பொழுது முழுவதும் உட்கார்ந்து அவற்றை எடுத்திருந்தாள். படத்துக்குப் படம் பின்னால் மூடை அடுக்கு, லாட் நம்பர் அட்டை, கேமரா பதிந்துவைத்த தேதி. சர்வேயர் ஒவ்வொன்றாகப் பார்த்து, பில்களோடு ஒத்துப் பார்த்து, வரிசையை எண்ணிக் குறித்துக்கொண்டார். முழுத்தொகை வரவில்லை. வந்தது கடையை நிறுத்தாமல் நடத்தப் போதுமானதாக இருந்தது.

இப்போது மாதம் முதல் தேதி கிட்டங்கியைப் படமெடுக்கும் வேலையும் அவளுடையது. குருவி இல்லாவிட்டால் எடுக்கமாட்டேன் என்கிறாள். அந்தப் படங்களில் ஒன்றைப் பெரிதாக்கிக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறோம். அதற்கு நேர் கீழே, "இன்று ரொக்கம் நாளை கடன்" பலகை. வருகிறவர்கள் குருவியைத்தான் பார்க்கிறார்கள்.