ரோமானிய வெண்கலக் காசை அறிவது எப்படி?

குத்துவிளக்கு கறுத்தால் புளி போட்டுத் தேய்க்கிறோம். பழைய ரோமானிய வெண்கலக் காசு கையில் கிடைத்தால் அப்படித் தேய்த்துவிடக் கூடாது. பல காசுகளில் எழுத்தும் உருவமும் அந்தப் பச்சைப் படலத்திலேதான் தங்கியிருக்கின்றன. அது போனால் காசு வெறும் தகடு.

கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் காசுகள் பல, சட்டைப் பொத்தான் அளவே இருக்கும். ஒரு பக்கம் பேரரசரின் தலை. சுற்றிலும் இலத்தீன் எழுத்துகள். கான்ஸ்டன்டைன், அவருடைய பிள்ளைகள் கான்ஸ்டான்ஷியஸ், கான்ஸ்டான்ஸ் என்று பெயர்களெல்லாம் ஒரே மாதிரி தொடங்கும். பெயரில் பாதி தேய்ந்துவிட்டால் யாரென்று சொல்வது?

காசைத் திருப்புங்கள். இரு படைவீரர்களுக்கு நடுவே இரண்டு கொடிக்கம்பங்கள் இருந்தால் அது 330 முதல் 335 வரை அச்சடித்தது. ஒரே கம்பம் என்றால் அதற்குப் பிந்தியது. காசும் சிறுத்துப்போனது, இடம் போதவில்லை போலும்! குதிரையிலிருந்து விழுபவனை வீரன் ஈட்டியால் குத்தும் காட்சி 348-இல்தான் தொடங்கியது. ஆகவே 337-இல் இறந்த கான்ஸ்டன்டைனின் காசு அல்ல அது. பெயரே இல்லாமல் ஒருவரை விலக்கிவிட்டோம், பாருங்கள்.

அடியிலுள்ள சிற்றெழுத்துகள் அச்சடித்த ஊரைச் சொல்லும். 'டி.ஆர்.' என்றால் ஜெர்மனியிலுள்ள ட்ரியர் நகரம்.

கரூர், மதுரைப் பக்கங்களிலும் இலங்கையிலும் இத்தகைய காசுகள் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் உள்ளூரார் பார்த்துச் செய்தவையும் உண்டு. அவற்றில், முதலாம் வகுப்புப் பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதியதுபோல, எழுத்துகள் வெறும் கோடுகளாக நிற்கும்.