கத்தி கூட்டிவைத்த சிநேகம்

தபால் முத்திரை சேர்ப்போரை நாம் அறிவோம். பழைய நாணயம் சேர்ப்போரையும் அறிவோம். பழைய வேட்டைக் கத்திகளைத் தேடித் தேடிச் சேர்ப்போரும் உலகில் உளர் என்று சில வருடங்களுக்கு முன் எவராவது கூறியிருப்பின் நகைத்திருப்போம். கத்தி பகையை வளர்க்கும் பொருளென்பதே எம்மவர் எண்ணம். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு நேரே கொடுத்தாற் சண்டை வருமென்று, கத்தியைக் கீழே வைத்து எடுக்கச் சொல்லும் வழக்கம் எம் வீட்டில் இன்றும் உண்டு. அத்தகைய பொருள் முன்பின் அறியாதாரைச் சிநேகிதராக்குகின்றது என்றால் விந்தையன்றோ?

இவ்விந்தையைக் காண அமெரிக்க நாட்டுக்குச் செல்லவேண்டும். 1936 ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்து வலூன் ஏரிக்கரையில், ஒரு மனிதன் படகொன்றின் பழைய வர்ணத்தைக் கத்தியாற் சுரண்டிக்கொண்டிருந்தான். புளோரிடாவிலே தோடைத் தோட்டம் வைத்திருந்த றண்டல் என்பவர் அதைப் பார்த்து நின்றார். அவ்வளவு முரட்டு வேலை செய்தும் கத்தியின் கூர் மழுங்கவில்லை. வியப்புற்ற அவர் அம்மனிதனோடு பேச்சுக் கொடுத்துக் கத்தியை விலைக்கு வாங்கினார். அதைச் செய்தவர் வில்லியம் ஸ்கேகல் என்ற கைவினைஞர். மனிதர் கூட்டத்தை அதிகம் நாடாது மிச்சிகனில் தனித்து வாழ்ந்தவர். தோல் வட்டங்களை அடுக்கி, முனையில் மான்கொம்பு பொருத்தி அவர் அமைத்த பிடிகள் இன்றைக்கும் சேகரிப்போரின் கனவாக உள்ளன.

ஊர் திரும்பிய றண்டல் ஒரு மோட்டார் வண்டியின் வில்லுத் தகட்டை எடுத்துத் தாமே ஒரு கத்தி செய்யலானார். (எம் ஊர்க் கொல்லரும் பழைய லொறியின் வில்லுத் தகட்டையே கத்திக்கு உகந்த இரும்பென்பர். கடல் கடந்தாலும் கொல்லர் அறிவு ஒன்றே போலும்!) பொழுதுபோக்காய்த் தொடங்கியது ஒர்லாண்டோ நகரிற் பெரும் தொழிலாயிற்று. 1950களின் முற்பகுதியில் லவ்லெஸ் என்னும் இளம் மாலுமி, றண்டலின் கத்தியொன்றை வாங்க நியூயோர்க் கடையொன்றுக்குச் சென்றான். ஒன்பது மாதம் காத்திருக்கவேண்டும் என்றனர் கடைக்காரர். கப்பலோ காத்திராது. அவனும் பழைய இரும்புக் கடையிலே ஒரு வில்லுத் தகட்டைத் தேடிப் பிடித்து, கப்பலின் சமையலறை அடுப்பிலே காய்ச்சித் தன் கத்தியைத் தானே செய்துகொண்டான். பின்னாளில் வேட்டைக் கத்தி செய்வோருக்கெல்லாம் ஆசானாய் விளங்கிய லவ்லெஸ் இவரே. தொழில் இரகசியத்தை மறைத்து வைக்காது, 1977 இல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து கத்தி செய்யும் முறையை நூலாகவே வெளியிட்டார். படகு சுரண்டிய அந்த மனிதன் அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பின் இவற்றுள் எது நடந்திருக்கும்?

சேகரிப்போர் ஒருவரையொருவர் தேடிச் செல்வதற்குத் தக்க காரணம் உண்டு. பழைய கத்தி தன் வயதைத் தானே கூறாது. அதைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். பிடிக்கு அண்மையில், அலகின் அடிப்பாகத்திற் பொறித்த சிறு முத்திரையே அதன் பிறப்புச் சாட்சிப் பத்திரம். அந்நியப் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891 இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அந்நாட்டுச் சந்தைக்குச் சென்ற கத்தியில் ‘இங்கிலாந்து’ என்றோ ‘ஜேர்மனி’ என்றோ காணப்படின் அது பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. பென்சில்வேனியாவின் கெயிஸ் கம்பனியாரோ 1970 இல் தம் மடக்குக் கத்திகளின் முத்திரையிற் பத்துப் புள்ளிகளை இட்டு, வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்து வந்தனர். புள்ளி ஒன்றேயாயின் 1979. இத்தகைய நுட்பங்களை ஒருவரே முற்றாக அறிதல் அரிது. ஒருவருக்கு முத்திரை தெரியும். இன்னொருவருக்குப் பிடியின் கொம்பு தெரியும். மூன்றாமவருக்குப் போலி முத்திரையைக் கண்டுபிடிக்கும் கண் உண்டு. அத்லாந்தா நகரில் ஆண்டுதோறும் கூடும் பெரிய கத்திக் கண்காட்சியில், விவசாயியும் வைத்தியரும் ஒரே மேசையிற் குனிந்து நின்று ஒரே உருப்பெருக்கிக் கண்ணாடியை மாறி மாறி வாங்கிப் பார்ப்பது இதனாலேயே.

எம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1848 இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களை ஏவி, துப்பாக்கியின்றிக் கத்தி கொண்டே மரைகளை வேட்டையாடியவர்; அதைப் பெருமையோடு நூலும் எழுதியவர். சைவ உணவினராகிய எமக்கு அந்நூல் படிக்க இனியதன்று. ஆயினும் மலைநாட்டுத் துரைமாரின் பெட்டிகளில் வேட்டைக் கத்தி எவ்வாறு வந்ததென்பது அதனால் விளங்கும்.

அவ்வாறு வந்த ஒன்று எம் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. எமது பெரியப்பா தேயிலைத் தோட்டமொன்றிற் கிளாக்கராயிருந்தவர். 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது, நாடு திரும்பிய துரை தம் கத்தியை அவரிடம் கொடுத்துச் சென்றார். பெரியப்பா அதனால் ஒரு மாங்காய்தானும் வெட்டியதில்லை. அவர் காலமானபின் பெட்டியைத் திறந்தோம். தோலுறைக்குள் கத்தி கறள் பிடித்துக் கிடந்தது. “கொலைக்கத்தி வீட்டுக்குள் எதற்கு?” என்றார் எம் அன்னையார். அதைச் சுத்தம் செய்தாலாவது அவர் மனம் ஆறும் என்றெண்ணி, செங்கற்பொடியும் தேங்காய் மட்டையும் கொண்டு ஒரு முழுப் பகல் தேய்த்தோம். பளிச்சென்று ஆயிற்று. அன்று எமக்கிருந்த பெருமிதத்தை நினைக்க இன்று நாணமாயிருக்கின்றது.

சில மாதங்களின் பின், சக ஆசிரியர் ஒருவர் மூலம் செய்தி அறிந்து கண்டியிலிருந்து ஒரு சிங்களப் பெரியவர் வந்தார். இளைப்பாறிய தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர். நல்ல தமிழ் பேசினார். கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்தவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“மாஸ்டர், இதைத் தேய்த்தது யார்?”

“நாங்கள்தான்.”

அவர் கடிந்துகொள்ளவில்லை. யன்னலருகே சென்று அலகை வெயிலிற் சரித்துப் பிடித்தார். முத்திரை இருந்த இடத்தில் ஷெபீல்ட் என்னும் ஊர்ப்பெயரின் கடைசி இரண்டெழுத்துக்கள் மாத்திரம் மங்கலாய்த் தெரிந்தன. செய்தவர் பெயர் போய்விட்டது. இனி எவராலும் அதைச் சொல்ல இயலாது. நூறு வருடம் கறளுக்குத் தப்பியிருந்த ஒரு பெயரை, படித்தவர் என்று பெயரெடுத்த நாம் ஒரு பகலில் அழித்துவிட்டோம். கறளை மெல்லிய எண்ணெயால் நனைத்துச் சிறிது சிறிதாகவே நீக்கவேண்டும். காலத்தால் இரும்பின்மேற் படர்ந்த கருமையைத் தொடவே கூடாது. உறைக்குள் வைத்ததே முதற்பிழை, பதனிட்ட தோலின் உப்பும் ஈரமுமே இரும்பைத் தின்னும் என்றெல்லாம் பின்னர் அவர் சொல்லித்தந்தார்.

பேச்சு கத்தியை விட்டுப் பெரியப்பாவிடம் சென்றது. எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னோம். அவர் இளமையில் அடுத்த மலையிலுள்ள தொழிற்சாலையில் வேலை பழகியவராம். பெரியப்பாவை அவர் அறியார். ஆனால் பெரியப்பா அடிக்கடி சொல்லும் வளைவான பாலத்தையும், மழைக்காலத்தில் லொறி நின்றுவிடும் ஏற்றத்தையும் அவர் அறிவார். எம் அன்னையார் உள்ளேயிருந்து வந்து, அந்தப் பாலத்தின் கீழ்தான் தாம் புதுப் பெண்ணாய்ச் சென்றபோது அட்டை கடித்ததென்று கூறினார். இருவரும் சிரித்தனர். தேநீர் இரண்டாந்தரமும் வந்தது. விலை பேச வந்தவர் விலை பேசாமலே, இரவுப் பேருந்துக்கு எழுந்தார்.

வருடத்தில் ஒருமுறையேனும் அவர் இப்போது வருவார். சென்றமுறை சிறிய தகர டப்பாவில் மெழுகு கொணர்ந்து, அலகிற் பூசும் விதத்தை எம் மாணவர் இருவருக்குக் காட்டிக்கொடுத்தார். கத்தி இப்பொழுது பருத்தித் துணியிற் சுற்றப்பட்டு அலுமாரியின் மேற்தட்டில் இருக்கின்றது. உறை வேறாகக் கீழ்த்தட்டில் இருக்கின்றது. இரண்டையும் அங்கே வைத்தவர் எம் அன்னையாரே.