அப்பாக்களுக்கு ஒரு பேக்கப்: டவுன் சிண்ட்ரோம் பத்திப் பேசுவோம்

நான் டாக்டர் இல்லை, கோட் எழுதுறவன். இன்னைக்கு எபிசோட் டவுன் சிண்ட்ரோம் இருக்குற பிள்ளைகளோட அப்பாக்களுக்கு.

முதல்ல அறிவியல். வழக்கமா நம்ம செல்கள்ல 46 குரோமோசோம் இருக்கும். அதுல 21-ஆவது குரோமோசோம் ரெண்டுக்குப் பதிலா மூணா இருந்தா, அதுதான் டவுன் சிண்ட்ரோம். 1959-ல பிரான்ஸ்ல இதைக் கண்டுபிடிச்சாங்க. கிரகணம், சாபம், அம்மா சாப்பிட்டது எதுவும் காரணம் இல்லை. பெரும்பாலும் தற்செயலா நடக்குறது. வீட்டுல யாராவது அம்மாவைக் குத்திப் பேசினா, நிறுத்த வேண்டிய முதல் ஆள் அப்பாதான்.

இந்தப் பிள்ளைகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்துல குறை இருக்கும். அதனால எக்கோ, தைராய்டு பரிசோதனை ரெண்டையும் தள்ளிப்போடாதீங்க. அப்புறம் யு.டி.ஐ.டி. அட்டை, மாசம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, 1 லட்சம் ரூபாய் வரைக்கும் நிராமயா காப்பீடு. இதுக்கெல்லாம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விசாரிக்கலாம்.

சிக்கல் இங்கதான். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. அன்னைக்கு ஆபீஸும் இருக்காது. மத்த நாள் போனா கூலி போச்சு. அதனால அம்மா மட்டும் அலையுறாங்க. அப்பா மனசுல "எனக்கு அப்புறம் இவனை யாரு பார்ப்பா?"ங்குற கேள்வி மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு, வெளியில சொல்றதில்லை.

எங்க வேலையில ஒரே சர்வரை நம்பி எதையும் ஓட்ட மாட்டோம், பேக்கப் வைப்போம். குடும்பத்துக்கும் அப்படித்தான். 2002-ல அமெரிக்காவுல இண்டியானாபோலிஸ்ல டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளோட அப்பாக்கள் மட்டும் சேர்ந்து ஒரு குழு ஆரம்பிச்சாங்க. இப்ப பல ஊர்கள்ல அதுக்குக் கிளை இருக்கு. நமக்கு அவ்வளவு பெரிசா வேண்டாம். அஞ்சு அப்பாக்கள், ஒரு வாட்ஸ்அப் குரூப் போதும். முறை வச்சு ஒருத்தர் லீவு போட்டுப் போய், அஞ்சு பேருக்கும் ஃபாரம் வாங்கி, என்னென்ன காகிதம் வேணும்னு கேட்டுட்டு வரலாம். பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வேண்டிய நாள் மட்டும் எல்லாரும் போனாப் போதும்.

பிள்ளைக்கு 18 வயசானதும் இன்னொரு வேலை இருக்கு. 1999-ஆம் வருஷ தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையில இருக்குற உள்ளூர்க் குழுவுல சட்டப்படியான காப்பாளரை நியமிக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அந்தக் கேள்விக்குக் காகிதத்துல கிடைக்கிற பதில் இது. ஏற்கெனவே இதைச் செஞ்சு முடிச்ச ஒரு அப்பா குரூப்புல இருந்தா, மத்தவங்களுக்குப் பாதி பயம் போயிடும்.

அடுத்த தடவை தெரபி வாசல்ல இன்னொரு அப்பாவைப் பார்த்தா, நம்பர் வாங்கிடுங்க.